தேர்தல் பணி ஆணை வந்தால் ஓட வேண்டாம். ஓட வைக்காத ஏற்பாடும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மாநகராட்சியின் இப்போதைய மன்றம் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றது. ஐந்தாண்டுக் கணக்கில் 2027 மார்ச்சோடு அதன் காலம் முடிகிறது. அதற்குள் அடுத்த மன்றத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். தேர்தல் நெருங்கினால் வார்டு ஒதுக்கீடு, கூட்டணி, வேட்பாளர் என்று பக்கம் பக்கமாகச் செய்தி வரும். சாவடிக்குள் விடியற்காலையிலிருந்து உட்காரப்போகிற அலுவலர்களைப் பற்றி எழுத அப்போது இடம் இருக்காது. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என்று எந்தத் தேர்தல் வந்தாலும் டியூட்டி ஆர்டர் பள்ளிக்கு வந்துவிடும். பெரும்பாலும் பி.ஓ. ஒன்று, அதாவது முதலாம் வாக்குச்சாவடி அலுவலர். 2022 உள்ளாட்சித் தேர்தலில் சாவடியின் தலைமை அலுவலராக இருந்தேன்.

என் அண்ணன் மகள் குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "அத்தை, உங்களுக்குத்தான் எலெக்‌ஷன் டியூட்டி பத்தி எல்லாம் தெரியுமே, ஆர்டர் வந்தா எப்படிக் கேன்சல் பண்றது?" என்று கேட்டாள். அவள் அலுவலகத்தில் மூத்தவர்களே "மெடிக்கல் சர்டிபிகேட் ரெடி பண்ணி வெச்சுக்கோ" என்று சொல்லிவைத்திருக்கிறார்களாம். அவளை நான் கோபித்துக்கொள்ளவில்லை. பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. கணக்கைப் பாருங்கள். 2022-ல் சென்னையில் 200 வார்டுகளுக்கு 5,794 வாக்குச்சாவடிகள். சாவடிக்கு நான்கு பேர் என்று வைத்தாலே 23,000 பேருக்கு மேல் வேண்டும். இதில் பாதிப் பேர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஒதுங்கினால், முழுப் பயிற்சியும் முடிக்காத யாரையோ கடைசி நேரத்தில் பிடித்து உட்கார வைப்பார்கள். அதன் விலையைக் கொடுப்பவர் வரிசையில் நிற்கிற வாக்காளர்.

வார்டுத் தேர்தல் சின்னத் தேர்தல், சுலபமான டியூட்டி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே கஷ்டமான டியூட்டி அதுதான். மக்களவைத் தேர்தலில் முகவர்கள் கட்சிக்காக உட்கார்ந்திருப்பார்கள். வார்டுத் தேர்தலில் வேட்பாளரின் மைத்துனர், எதிர்வீட்டுக்காரர், அதே தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர் என்று உட்கார்ந்திருப்பார்கள். வருகிற ஒவ்வொருவரையும் அவர்களுக்கு முகம் தெரியும், குடும்பம் தெரியும், யாருக்குப் போடுவார் என்பதும் தெரிந்த மாதிரிதான். வெற்றி தோல்வி வித்தியாசமும் கொஞ்சமாக இருக்கலாம். சம ஓட்டு வந்தால் குலுக்கல்தான். ஆகவே ஒவ்வொரு ஓட்டுக்கும் அங்கே வாக்குவாதம் உண்டு.

இன்னொரு சிக்கல், பட்டியல். சட்டமன்றத் தொகுதிக்கான பட்டியலை எடுத்து வார்டுவாரியாகப் பிரித்துத்தான் உள்ளாட்சிக்கான பட்டியலைத் தயாரிக்கிறார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு பள்ளியில் ஓட்டுப் போட்டவருக்கு மாநகராட்சித் தேர்தலில் வேறு பள்ளி வரும். போதாததற்கு சில இடங்களில் ஆண்களுக்குத் தனிச் சாவடி, பெண்களுக்குத் தனிச் சாவடி. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, ஒருவர் இங்கே ஒருவர் அங்கே என்று அலைந்து, கடைசியில் கோபத்தைக் காட்டுவது முதல் மேசையில் உட்கார்ந்திருக்கிற பி.ஓ. ஒன்றிடம். 2022-ல் எங்கள் சாவடியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, "மேயருக்கு எந்த மெஷின்?" என்பது. 2011-ல் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் கவுன்சிலருக்கு மட்டுமே ஓட்டு, மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் 2016 தேர்தல் நீதிமன்றத்தால் ரத்தாகி, ஐந்து வருடத்துக்கும் மேலே மன்றமே இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகத்தில் ஓடியதால், மக்களுக்கும் மறந்துவிட்டது, அலுவலர்களுக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. 2022-க்குப் பிறகு சென்னையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இங்கே வார்டுத் தேர்தல் டியூட்டி என்பதையே பார்த்திருக்க மாட்டார்கள். என் அண்ணன் மகளும் அவர்களில் ஒருத்தி.

பி.ஓ. ஒன்றின் வேலை என்ன? கையில் வாக்காளர் பட்டியல். வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்து, வரிசை எண்ணையும் பெயரையும் பின்னால் இருக்கிற முகவர்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும். ஆட்சேபம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட வேண்டும். பெண் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று மண்டல அலுவலர் கேட்பார், அந்த வட்டங்கள்தான் பதில் சொல்லும். அப்புறம் இரண்டாம் அலுவலரிடம் போய்ப் பதிவேட்டில் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை, கையில் ஒரு துண்டுச் சீட்டு. மூன்றாம் அலுவலர் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் பட்டனை அழுத்துவார். வாக்காளர் மறைப்புக்குள் போய்ப் பட்டனை அழுத்தி, பீப் சத்தம் கேட்டால் ஓட்டு விழுந்துவிட்டது.

சொல்லும்போது சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும். வியாசர்பாடிப் பக்கம் ஒரு சாவடி. பட்டியலில் ஒரே பக்கத்தில் லட்சுமி என்று மூன்று பெயர்கள். அதில் இரண்டு பேருக்குக் கணவர் பெயரும் முருகன். வயதில் கொஞ்சம் வித்தியாசம், கதவு எண்ணில் பழையது புதியது என்று ஒரு குழப்பம், புகைப்படம் இரண்டும் கறுப்பாக அச்சாகியிருக்கிறது. காலை ஒன்பது மணி, வரிசை கேட் வரைக்கும் நிற்கிறது, பின்னால் ஒருவர் "சீக்கிரம் பாருங்கம்மா, வேலைக்குப் போகணும்" என்று சத்தம் போடுகிறார். இந்த நேரத்தில் அவசரப்பட்டு ஒரு வரி மேலே கோடு போட்டுவிட்டால் என்ன ஆகும்? மதியம் மூன்று மணிக்கு, அந்த மேல் வரியில் உள்ள லட்சுமி வருவார். "உங்க ஓட்டு போட்டாச்சும்மா" என்று பட்டியல் சொல்லும். அவர் கதறுவார். முகவர்கள் "கள்ள ஓட்டு" என்று எழுந்து நிற்பார்கள். ஆள்மாறாட்டம் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள்மாறாட்டம் என்று வெளியே பேசப்படுகிற பல சண்டைகளின் வேர், சிவப்புப் பேனா ஒரு கட்டம் தள்ளிப் போனதில் இருக்கிறது. அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்தால் இந்தத் தகராறே வராது. இதைப் பயிற்சி வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கூட உட்கார்ந்த ஒரு மூத்த தலைமை ஆசிரியர் சொன்னார்.

சரி, கோடு தப்பாக விழுந்துவிட்டது, அந்த லட்சுமியை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? கூடாது. பெயரில் ஏற்கெனவே ஓட்டுப் பதிவாகியிருந்தாலும், வந்தவர்தான் உண்மையான ஆள் என்று தலைமை அலுவலர் விசாரித்து உறுதி செய்தால், ஆய்வுக்குரிய வாக்கு என்று தனியாக ஒரு வாக்குச்சீட்டைக் கொடுக்க வேண்டும். அது இயந்திரத்தில் சேராது. தனி உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும், அதற்கென்று தனிப் பட்டியலில் கையெழுத்தும் வாங்க வேண்டும். நான் பி.ஓ. ஒன்றாக இருந்த ஒரு தேர்தலில், கடைசி நாளில் யாருக்கோ பதிலாக அனுப்பப்பட்ட தலைமை அலுவலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. வயதான ஒரு அம்மாவை "ஒண்ணும் பண்ண முடியாதும்மா, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தவரும் கையேட்டைப் பிரித்துக் காட்டி, மூட்டையைக் கொட்டி அந்த உறையைத் தேடி எடுப்பதற்குள் அந்த அம்மா கேட்டைத் தாண்டிவிட்டார். காவலரை ஓடவிட்டுக் கூப்பிட்டு வந்தோம். அவர் சீட்டில் முத்திரை குத்தும்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தலைமை அலுவலர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சென்னைக்கே உரிய இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கூவம் கரையிலிருந்தும் மற்ற நீர்நிலை ஓரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றியிருக்கிறார்கள். இப்படிப் போனவர்களில் பலருக்குப் பெயர் பழைய வார்டிலேயே இருந்துவிடும். அவர்கள் இரண்டு பஸ் மாறி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டுப் போட வருவார்கள். "இவங்க இங்க இல்லையே, காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே" என்று முகவர் எழுந்து ஆட்சேபிப்பார். அந்த நிமிடத்தில் பி.ஓ. தடுமாறக் கூடாது. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் அவர்தான் என்பதும் உறுதியாகிவிட்டது என்றால் ஓட்டுப் போட விட வேண்டும். ஜாகை மாறியதை வைத்துத் திருப்பி அனுப்புகிற அதிகாரம் சாவடியில் யாருக்கும் கிடையாது. முறைப்படி ஆட்சேபம் செய்ய முகவருக்கு உரிமை உண்டு, அதற்குக் கட்டணமும் விசாரணையும் உண்டு. அதைச் சொன்னாலே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். தன் பெயர் உரக்கப் படிக்கப்படுவதைக் கேட்டு அந்தப் பெண்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டை இழந்து போனவர்களுக்கு அந்தப் பட்டியல் வரி ஒன்றுதான் பழைய தெருவில் மிச்சம்.

அலுவலர்கள் பதறாமல் இருந்தால் எவ்வளவு பெரிய தகராறும் அடங்கும் என்பதற்கு 2022 தேர்தலிலேயே உதாரணம் இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூரில் ஒரு முகவர் ஹிஜாப் அணிந்து வந்த பெண்களை ஆட்சேபித்தார். மற்ற முகவர்களும் அலுவலர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரை வெளியே அனுப்பிவிட்டு வாக்குப்பதிவு தொடர்ந்தது. அதே தேர்தலில் நம் சென்னையில் 51-வது வார்டிலும் 179-வது வார்டிலும் தலா ஒரு சாவடியில் மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டிவந்தது. அதற்கும் முன்னால், 2006 அக்டோபரில் மாநகராட்சித் தேர்தலில் நடந்த வன்முறையும், விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடி தேர்தல் நடந்ததும் எங்கள் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயம் அங்கிருந்துதான் கைமாறி வருகிறது. ஆனால் பெரும்பாலான சாவடிகளில் வாக்குப்பதிவு அமைதியாகத்தான் முடிகிறது. அதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லாமல், சான்றிதழ் வாங்குகிற வழியை மட்டும் சொல்லித்தருகிறோம். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இனி, மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் மாநகராட்சிக்கும் என் வேண்டுகோள்.

பயிற்சி என்ற பெயரில் பெரிய மண்டபத்தில் கூட்டமாக உட்கார வைத்து, மேடையில் ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு மைக்கில் பேசுவதை நிறுத்துங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கு மேசை கூடத் தெரியாது. ஒவ்வொருவரும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முக்கியமாக மாதிரி வாக்குப்பதிவு. காலையில் முகவர்கள் முன்னால் சில ஓட்டுகளைப் போட்டுக் காட்டி, முடிவைக் காட்டி, பிறகு அத்தனையையும் அழித்துவிட்டுப் பூஜ்யம் வந்ததை எல்லோருக்கும் காட்டி, அதற்குப் பிறகுதான் முத்திரை வைக்க வேண்டும். அழிக்க மறந்தால் அன்றைய மொத்தக் கணக்கும் உதைக்கும். இதைப் படத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. அதேபோல் வாக்குக் கணக்குப் படிவத்தை வகுப்பிலேயே ஒருமுறை நிரப்பச் சொல்லித் திருத்திக் கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல், பசியோடும் தலைவலியோடும் முதன்முதலாக அதை நிரப்ப உட்காருகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் முதன்முதலில் பார்ப்பது தேர்தலுக்கு முந்தைய நாள் பொருள் வாங்குகிற இடத்தில்தான். யார் எந்தச் சாவடி என்பதைக் கணினி குலுக்கலில் கடைசியில் சொல்வது நியாயம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் யார் யார் ஒரே குழு என்பதை இரண்டாவது பயிற்சியிலேயே சொல்லிவிடலாமே? முதல்முறை வருகிறவர் இருக்கிற குழுவில் கட்டாயம் ஒரு அனுபவசாலி இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். பாதிக் கவலை அதிலேயே தீரும்.

பெண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓடுவதற்கான நிஜக் காரணம் இதில்தான் இருக்கிறது. முந்தைய நாள் மதியமே பொருள்களை வாங்கி எண்ணிப் பார்க்க வேண்டும். மைப் புட்டி, அரக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, காகித முத்திரைகள், நூல்கண்டு, உறைகள் என்று ஒரு மூட்டை. சாவடியாக இருக்கிற வகுப்பறையிலேயே இரவு தங்க வேண்டிவந்தால் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வேண்டும். கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்காது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவைக்கச் சொல்லி யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. வாக்குப்பதிவு நாளில் எழுந்து போக முடியாது என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் பலரை எனக்குத் தெரியும். மாதவிடாய் நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கிச் சீட்டுக் கொடுத்து, அவர்கள் அத்தனை பேரும் போட்டு முடித்து, இயந்திரத்தை மூடி, முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்து உட்கார்ந்தால், மண்டல வாகனம் எப்போது வரும் என்று தெரியாது. இயந்திரத்தை ஒப்படைத்து ரசீது வாங்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அந்த நேரத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து தாம்பரம் பக்கம் போக வேண்டிய பெண் எந்த பஸ்ஸைப் பிடிப்பாள்? 2022-ல் எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண்ணின் கணவர், கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, ஒப்படைக்கிற இடத்துக்கு வெளியே ஸ்கூட்டரில் காத்துக்கொண்டிருந்தார். அழைத்துப் போக ஆள் இல்லாத பெண்கள் விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒப்படைக்கும் மையங்களிலிருந்து இரவு முழுக்க மாநகரப் பேருந்துகளை நாலைந்து திசைகளில் விடுவது இந்த ஊரில் முடியாத காரியமா? தாழ்ப்பாள் போட ஒரு தச்சரை முந்தைய வாரம் அனுப்புவது முடியாதா?

விலக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், சிகிச்சையில் இருப்பவர்கள். அவர்களை ஒவ்வொரு மேசையாக அலையவிடாமல் ஒரே நாளில் விலக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர்களை அலைக்கழித்துவிட்டு, ஆள் தெரிந்தவர்களுக்குப் போன் ஒன்றில் விலக்குக் கொடுத்தால் யாருக்கு வேலை செய்ய மனசு வரும்?

டியூட்டிக்குப் போகிறவர்களிடம் ஒன்று. உங்கள் சொந்த ஓட்டை விட்டுவிடாதீர்கள். அஞ்சல் வாக்குக்கான விண்ணப்பத்தைப் பயிற்சி இடத்திலேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். 2022-ல் சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் விரலில் மை வைக்கிற நாமும் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போகக் கூடாது.

ஆசிரியர் ஐயா, தேர்தல் அறிவிப்பு வந்ததும் உங்கள் நாளிதழில் ஒரே ஒரு பக்கம் இதற்காக ஒதுக்குங்கள். கோடும் வட்டமும் போட்ட மாதிரிப் பட்டியல், நிரப்பிய வாக்குக் கணக்குப் படிவம், ஆய்வுக்குரிய வாக்கு வந்தால் என்ன செய்வது என்ற விவரம், இவ்வளவு போதும். புதியவர்கள் வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். மாநகராட்சி மண்டல அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு மண்டலத்திலும் இருக்கிறோம். சாவடியில் உட்கார எங்களை அழைக்க முடியாது, சரி. பயிற்சிக்கு அழையுங்கள். பத்துப் பேரைச் சுற்றி உட்கார வைத்து, பட்டியலைக் கையில் கொடுத்துப் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லித்தர நாங்கள் வருகிறோம். படிக்காசும் வண்டிக் கூலியும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொடுங்கையூர், சென்னை-118